ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கிடையாது

லா பிந்தாதா குப்பத்தில் பீர் குடிக்க ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் போதும். ஆள் பத்து இருந்தாலும் சரி, இருபது இருந்தாலும் சரி, டம்ளர் ஒன்றுதான். முறை வந்தவன் தனக்கு ஊற்றிக்கொண்டு பாட்டிலைப் பக்கத்திலிருப்பவன் கையில் கொடுப்பான். குடித்து முடித்ததும் அடியில் தங்கிய நுரையை மணலில் உதறிவிட்டு டம்ளரையும் அவனிடமே நீட்டுவான். இப்படியே வட்டம் சுற்றும். நடுவில் ஒருத்தன் "எனக்குப் போதும்" என்றால் தீர்ந்தது, அவன் மானம் கப்பலேறிவிடும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாலோ, "என்னப்பா, மைக்கா பிடிச்சிருக்க? சீக்கிரம் விடு" என்று நாலு பேர் கத்துவார்கள். ஆகையால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. குடித்தவனுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடற்கரையில் கைப்பந்து ஆட்டம். காசிமிரோ பாந்தா அதில் ஒரு அணிக்குத் தலைவன். மற்ற நாட்களில் ஐஸ் கம்பெனியில் வேலை. பாளம் பாளமாக ஐஸை உடைத்து, தடித்த குழாய் வழியாகப் படகுகளின் வயிற்றில் கொட்டுவது. நாற்பது வயது, மதில் மாதிரி உடம்பு. அவன் அணியில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்களை விரும்பும் ஆண்கள். குப்பத்துக்கே இது தெரியும். பிள்ளை குட்டியோடு வந்து ஆட்டம் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவார்கள். அணிக்காரர்கள் தங்களுக்குள் 'வாடீ, போடீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். காசிமிரோவுக்கு 'கேப்டனம்மா' என்று பட்டம்.

தோற்ற அணி ஒரு பெட்டி பீர் வாங்க வேண்டும். ஒரு பெட்டியோடு எந்த ஊரில் முடிந்திருக்கிறது? இரண்டாவது வரும், மூன்றாவது வரும். அதற்குப் பிறகு கவிழ்த்துப் போட்ட படகுகளுக்குப் பின்னால் யார் யாரோடு ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் அவரவர் பாடு. முடிதிருத்தும் லியோன்சியோவின் இடுப்புப் பையில் ஆணுறை எப்போதும் இருக்கும், சும்மா சொல்லக்கூடாது, சுகாதார நிலையத்திலிருந்து கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வருவான். ஆனால் மூன்றாவது பெட்டி திறந்த பிறகு அந்தப் பை எந்த மணலில் கிடக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

அதனால்தான் இந்த மாத்திரை வந்தது பெரிய நிம்மதியாக இருந்தது. நோய் வந்தவன் சாப்பிடுவது இல்லை. நன்றாக இருப்பவன், எச்.ஐ.வி. வராமல் இருக்கச் சாப்பிடுவது. தினம் ஒன்று, இலவசம். குப்பத்தில் முதலில் பெயர் கொடுத்தவன் காசிமிரோதான். பிறகு தன் அணியில் ஒருத்தரையும் விடாமல் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டான். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் மாத்திரையோடு சேர்த்து ஒரு சட்டத்தையும் அவனே போட்டுக் கொடுத்தான்.

எப்போதோ பல் வீங்கியபோது மருந்துக் கடைக்காரி ஒரு மாத்திரை கொடுத்து, "இதோட பீரு சேர்ந்தா மோதிக்கும், ஜாக்கிரதை" என்றிருந்தாள். காசிமிரோவுக்கு அது போதும். பல் மாத்திரைக்கே அப்படியென்றால் இவ்வளவு பெரிய நோயைத் தடுக்கிற மாத்திரைக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டும் வயிற்றுக்குள் சந்தித்தால் ஈரல் அவ்வளவுதான் என்று அவனாக முடிவு கட்டினான். சனிக்கிழமை காலையிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவான். ஞாயிறு கிடையாது. திங்கட்கிழமையும் பீர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று தொடமாட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் வாழைக்காய் வறுவலோடு மறுபடி ஆரம்பம்.

ஒரு ஞாயிறு, பெட்டி உடைப்பதற்கு முன்னால் லியோன்சியோ வந்து காதைக் கடித்தான்.

"கேப்டனம்மா, காலையில மறந்தாப்புல மாத்திரையப் போட்டுட்டேன்டீ. இப்ப குடிக்கலாமா?"

"அடிப்பாவி! ஈரலு வெந்துடும்டீ. ஒரு டம்ளரோட நிறுத்திக்க."

"ஒரு டம்ளரோடயா? அதுக்கு மாத்திரையவே நிறுத்திப்புடுறேன்."

வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. காசிமிரோவும் சிரித்தான். அப்போது அது நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்தது.

எவரிஸ்தோ சுங்கா இந்த வட்டத்தில் இல்லை. அவன் பெருங்கணவாய் பிடிக்கப் போகும் படகில் வேலை. புறப்பட்டால் இரண்டு வாரமோ மூன்று வாரமோ, கரையைப் பார்க்கமாட்டான். காசிமிரோவும் அவனும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து ஆறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். ஊர்க்கண்ணுக்கு அவன் அங்கே 'வாடகைக்கு இருப்பவன்'. படகுக்காரர்கள் வாய் பொல்லாதது என்று எவரிஸ்தோவுக்கு எப்போதும் பயம். ஆட்டம் நடக்கும் மணலில் அவன் காலடி வைத்ததே கிடையாது.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. எவரிஸ்தோதான் போட்டான்.

"இங்க பாரு மிரோ. நான் ஊர் ஊராக் கரை ஏறுறவன். நீ ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டம் போடுறவன். ரெண்டு பேரும் சாமியாரு கெடையாது. நானும் கேக்க மாட்டேன், நீயும் கேக்காத. ஆனா மாத்திரைய மட்டும் விடக்கூடாது. அத விட்டா நீ என்னக் கொன்னதுக்குச் சமம், நான் விட்டா உன்னக் கொன்னதுக்குச் சமம்."

"சத்தியமா விடமாட்டேன்" என்றான் காசிமிரோ. அந்தச் சத்தியத்தின் பேரில்தான் இருவரும் தங்களுக்குள் ஆணுறையை விட்டார்கள். எவரிஸ்தோ மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கற்றுக்கொண்டது யாரிடம்? வேறு யாரிடம்? கேப்டனம்மாவிடம்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுகாதார நிலையத்தில் விரல் குத்திப் பரிசோதனை செய்வார்கள். அந்த வியாழக்கிழமை காசிமிரோ போனபோது கையில் ஒரு பை இருந்தது. நர்ஸ் உபால்தினா முன்னால் அதைப் பெருமையாக வைத்தான். உள்ளே சீல் பிரிக்காத மாத்திரை டப்பாக்கள்.

"என்ன இது?"

"மிச்சமானது, சிஸ்டர். கெடைக்காத ஊருல எத்தனை பேரு இருப்பாங்க, யாருக்காச்சும் குடுங்க. புண்ணியமாப் போகும்."

உபால்தினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "தினம் ஒண்ணு போட்டா எப்படி மிச்சமாகும்?"

"தினமும்தான் போடுறேன். குடிக்கிற நாளு மட்டும் கெடையாது."

"எந்த நாள் குடிப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை. ஆனா சனிக்கிழமையே நிறுத்திடுவேன், திங்கக்கிழமையும் தொடமாட்டேன். நான் கட்டுப்பாடான ஆளு சிஸ்டர்."

"மத்தவங்களோட படுக்கிறது எந்த நாள்?"

காசிமிரோவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை" என்றான்.

"அப்புறம் செவ்வாய்க்கிழமை மாத்திரை யாருக்கு? ஐஸ் பாளத்துக்கா?"

அவள் கோபக்காரிதான், ஆனால் இந்த அளவுக்கு அவன் பார்த்ததில்லை. மேஜையை ஒரு தட்டு தட்டினாள். "ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, மாத்திரைய விட்டீங்களான்னு! ஒருநாளும் விடலைன்னு தலைய ஆட்டினீங்களே!"

"விடலையே சிஸ்டர். விடுறதுன்னா மறக்குறது. நான் மறக்கவே இல்ல. வேணும்னேதான் போடல."

உபால்தினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கி முகம் வாடிப்போயிற்று. "நானும் கேட்டிருக்கணும்" என்றாள். "குடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். சரி, கேட்டுக்குங்க. பீருக்கும் இந்த மாத்திரைக்கும் எந்தச் சண்டையும் கெடையாது. குடிச்சிருந்தாலும் போடுங்க. குடிக்கிற நாளு முக்கியமாப் போடுங்க, அன்னிக்குத்தானே புத்தி மணலுக்குள்ள போயிடுது. குடி ஈரலுக்குக் கெடுதல்தான், அது தனிக் கதை. கைய நீட்டுங்க."

ஊசி குத்திய விரலைப் பிடித்துக்கொண்டு காசிமிரோ உட்கார்ந்திருந்தான். அந்தச் சின்னப் பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடு வந்தால் ஒன்றும் இல்லை, இரண்டு வந்தால் நோய். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டான். ஒரு கோடுதான் வந்தது. "தப்பிச்சீங்க" என்றாள் உபால்தினா. "வாரத்துல நாலு நாளு போட்டதே ஓரளவுக்குக் காப்பாத்தியிருக்கு. ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கணும்."

அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வாசல் வரைக்கும் சந்தோஷமாகத்தான் போனான். வாசலில் எவரிஸ்தோவின் நினைப்பு வந்து நெஞ்சில் மிதித்தது.

எவரிஸ்தோ கடலில் குடிக்கமாட்டான். படகில் சொட்டுச் சாராயம் கூடாது என்பது அவர்கள் முதலாளியின் உத்தரவு. அதனால் அங்கே ஒருநாள் தவறாமல் மாத்திரை போடுவான். கரை ஏறியதும் குடிக்க ஆரம்பிப்பான், கையிலிருப்பது தீரும்வரை, மூன்று நாளோ நாலு நாளோ. அத்தனை நாளும் மாத்திரை கிடையாது. காசிமிரோவாவது வாரத்தில் பாதி நாள் தப்பித்தான். அவனோ கணவாய் மீனோடு இருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு, மனுஷனோடு இருக்கும்போது நிறுத்தியிருக்கிறான்.

படகு மறுநாள் காலையில் வந்தது. எவரிஸ்தோ தாடியும் மீன் நாற்றமுமாக இறங்கி, காசிமிரோவைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"என்னடா, வரவேற்பெல்லாம் பலமா இருக்கு? வா, முதல்ல ஒரு பீரு. நாக்கு உப்பாப் போச்சு."

"பீரு அப்புறம். சிஸ்டர் கிட்ட போகணும். நீ போன தடவையே பரிசோதனைக்கு வரல."

"இப்பவேவா? உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னப் பத்திதான்" என்று சொல்லி, நடக்க நடக்க எல்லாவற்றையும் கொட்டினான். எவரிஸ்தோ சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"தெற்க ஒரு துறைமுகத்துல ரெண்டு தடவ கரை ஏறினோம். குடிச்சதுல எனக்கு யாரு எவருன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல. மாத்திரை போடலைங்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நீ சொன்னதாச்சே."

இரண்டு கோடு வந்தது. உபால்தினா வேறொரு பட்டையில் மறுபடி பார்த்தாள். அதிலும் இரண்டு.

எவரிஸ்தோ நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். அவள் பதமாக, ஆனால் நேராகச் சொன்னாள்: "நீங்க சாகப் போறதில்ல. இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கலாம். தினமும் போட்டா கெழவனாகிற வரைக்கும் கடலுக்குப் போகலாம். ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சுன்னா இன்னொருத்தருக்கும் ஒட்டாது. அது வரைக்கும் ஆணுறை."

"குடிச்ச நாளும் போடணுமா?" என்று கேட்டான் எவரிஸ்தோ.

"குடிச்ச நாளும்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. சுவர் ஓரமாக நின்று எவரிஸ்தோ கேட்டான். "பீரும் மாத்திரையும் சேரக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நானே நெனச்சுக்கிட்டேன்."

கத்தியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தால் காசிமிரோ வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். எவரிஸ்தோ தலையை மட்டும் ஆட்டினான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுக்கே திரும்பிப் போய்விட்டான். அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை.

சனிக்கிழமை அதே படகுக்கு ஐஸ் ஏற்றும் முறை. திங்கட்கிழமை அவர்கள் கிளம்புகிறார்கள். காசிமிரோ மேலே குழாயைப் பிடித்து நின்றான். கீழே படகின் குளிர் அறைக்குள் எவரிஸ்தோ மண்வாரியோடு ஐஸைப் பரப்பிக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக இருவரும் செய்கிற வேலை. கீழேயிருந்து அவன் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் மேலேயிருந்து இவன் வேண்டுமென்றே அவன் தலையில் கொட்டுவதுமாக எப்போதும் ஒரே கும்மாளமாக இருக்கும். அன்று "விடு" என்றும் "போதும்" என்றும் இரண்டே வார்த்தை கேட்டது. நிமிர்ந்து பார்க்கவேயில்லை. இந்த ஆள் கிளம்பிப் போனால் திரும்பி என் வீட்டு வாசலுக்கு வரமாட்டான் என்று காசிமிரோவுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் ஆட்டத்தில் அவன் தொட்ட பந்தெல்லாம் வெளியே போனது. படுதோல்வி. பெட்டி வந்து இறங்கியதும் அவன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கேளுங்கடீ. யாரும் குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். நான் சொன்னது தப்பு. பீருக்கும் மாத்திரைக்கும் சண்டையே கெடையாதாம். சிஸ்டரே சொன்னாங்க. குடிக்கிற நாளும் போடணும். இனிமே ஒருத்தியும் விடாதீங்க."

"எழுந்திரிடீ, பீரு சூடாகுது" என்றான் ஒருத்தன்.

"தோத்ததுல கேப்டனம்மாவுக்கு மூளை கொழம்பிடுச்சு" என்றான் இன்னொருத்தன்.

லியோன்சியோ மட்டும் யோசித்தான். யோசித்தது வம்பாகப் போயிற்று. "இரு, இரு. நீ வியாழக்கிழமை பரிசோதனை பண்ணியா?"

"பண்ணினேன்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு."

"அப்புறம் என்னடீ! இத்தனை வருஷம் ஞாயித்துக்கிழமை போடாம இருந்து உனக்கே ஒண்ணும் வரல. அப்ப நீ முன்னாடி சொன்னதுதான் சரி. சிஸ்டர் மாத்திரை விக்கிற கணக்குக்கு எதாச்சும் சொல்லுவாங்க."

"அது இலவசம்டி, மூதேவி!"

"இலவசமோ என்னமோ. என் ஈரலு எனக்கு முக்கியம்."

எல்லோரும் சிரித்தார்கள். காசிமிரோவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், சிரிப்பு நின்றுவிடும். ஆனால் அந்தப் பெயர் அவனுடையது இல்லையே. ஏற்கெனவே அந்த மனுஷனுக்குச் செய்தது போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள்.

"எனக்கு வந்திருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். எவரிஸ்தோ நின்றுகொண்டிருந்தான். சுத்தமான சட்டை, வாரிய தலை. வலைக்கு அந்தப் பக்கம் அவன் படகு ஆட்கள் மூன்று பேர் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய செவிச்சே மீன் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்பதைப் போல அவன் உரக்கவே பேசினான்.

"நானும் இதே மாத்திரைதான். குடிக்கும்போது விடுன்னு இவன் சொன்னான், விட்டேன். முந்தாநாள் பாத்தாங்க, இருக்குன்னு சொல்லிட்டாங்க. இவனுக்கு வராதது இவன் கெட்டிக்காரத்தனம் இல்ல, அதிர்ஷ்டம். அவ்வளவுதான்."

லியோன்சியோ மெதுவாக, "எவரிஸ்தோ அண்ணே, இவ உங்ககிட்ட எதுக்கு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எதுக்குன்னா? ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல இருக்கோம். ஆறு வருஷமா. உங்க எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறீங்க. நானும் நடிச்சேன்."

படகு ஆட்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கிளறினான். ஒருவன் எழுந்து போய்விட்டான். மூன்றாமவன் எவரிஸ்தோவைப் பார்த்துக் கையை மட்டும் லேசாகத் தூக்கினான். லியோன்சியோ மணலில் உட்கார்ந்து விரல் மடக்கி எதையோ எண்ண ஆரம்பித்தான். எந்த ஞாயிறு, யாரோடு என்று. எண்ண எண்ண அவன் முகம் வெளுத்தது. "கேப்டனம்மா," என்றான், "நாளைக்கு என்கூட சுகாதார நிலையத்துக்கு வர்றியா? தனியாப் போக பயமா இருக்குடீ."

"வர்றேன்" என்றான் காசிமிரோ. எல்லோருமே வருவதாகச் சொன்னார்கள்.

எவரிஸ்தோ திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தான். காசிமிரோ பின்னாலேயே ஓடினான். அந்தக் கனத்த உடம்புக்கு மணலில் மூச்சு வாங்கியது.

"அவங்க முன்னாடி எதுக்குடா வந்தே? இனிமே படகுல உன்ன என்னவெல்லாம் பேசுவாங்க?"

"பேசட்டும். நீ சொன்னா அவங்க நம்ப மாட்டாங்கன்னு தெரியும். நீ முன்னாடி சொன்னத நம்பினா என்ன ஆகும்னு எனக்குத்தானே தெரியும்."

காசிமிரோ தேம்பித் தேம்பி அழுதான், நடுக் கடற்கரையில், அத்தனை பேர் பார்க்க. எவரிஸ்தோ நின்று, அவன் அழுது முடிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகுல தூக்கம் வரல" என்றான் கடைசியில். "நாளைக்குக் கெளம்பணும். வீட்டுல வந்து படுத்துக்குறேன்."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல. அது எப்போன்னு எனக்கே தெரியல. நட."

காசிமிரோ நடந்தான்.